கூட்டல் இல்லை, பெருக்கல்

கரும்பலகையில் 563.2, 503.2, 475.3 என்று மூன்று எண்களை எழுதி, பக்கத்தில் நானோமீட்டர் என்று போட்டுவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். வானத்தில் உள்ள ஒரு பொருளின் நிறமாலையில் பதிவான மூன்று பிரகாசமான கோடுகளின் அலைநீளங்கள் அவை. கேள்வி ஒன்றுதான்: இது எந்தத் தனிமம்?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாத கேள்வி இல்லை இது. செய்முறைத் தேர்வுக்காக ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங்கைப் பொருத்தி, பாதரச விளக்கின் கோடுகளை ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்து அளந்தவர்கள்தான். பச்சைக் கோடு 546.1 என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். (அளந்ததால் வந்ததா, அக்கா ரெக்கார்டைப் பார்த்ததால் வந்ததா என்று நான் கேட்பதில்லை.) அதனால் பாதரசம் இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள். சோடியம் 589, அதுவும் இல்லை. கொஞ்சம் தேடிப் படிக்கிற பெண் ஒருத்தி ஹீலியம் என்பாள். ஹீலியத்துக்கு 501.6, 471.3 என்று கோடுகள் உண்டுதான்.

"கிட்டத்தட்ட வருதுங்க மிஸ்."

"நிறமாலையில கிட்டத்தட்டங்கிறதே கிடையாது கண்ணு. ஹீலியம்னா அந்த மஞ்சக் கோடு 587.6 எங்கே?"

அமைதியாகிவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே எண்களை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் பாலோமர் மலையில் அப்போது உலகத்திலேயே பெரியதாக இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியைப் பயன்படுத்திய ஒரு வானியலாளரும் ஏறக்குறைய ஆறு வாரம் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பெயர் மார்ட்டன் ஷ்மிட். ஹாலந்துக்காரர், கலிஃபோர்னியாவில் வேலை. ஆண்டு 1963.

சிவப்புப் பெயர்ச்சியை, அதாவது நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வதை, நடத்தும்போது நான் ஆம்புலன்ஸ் சைரனில் ஆரம்பிப்பதில்லை. வானியலாளர் ஹப்பிளிலும் ஆரம்பிப்பதில்லை. இந்த மூன்று எண்களில்தான் ஆரம்பிக்கிறேன். காரணம், நம் பாடத்திட்டத்தில் டாப்ளர் விளைவு (அலையை அனுப்பும் பொருள் நெருங்கினாலோ விலகினாலோ அலைநீளம் மாறித் தெரிவது) பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடத்தில் வருகிறது. ஹைட்ரஜனின் பால்மர் வரிசை பன்னிரண்டில் அணு இயற்பியலில் வருகிறது. நடுவே ஒரு முழு ஆண்டுத் தேர்வும் ஒரு கோடை விடுமுறையும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஷ்மிட் வைத்திருந்த கண்ணாடித் தகட்டில்தான் அவை சந்தித்தன.

அந்தப் பொருளின் பெயர் 3சி 273. கேம்பிரிட்ஜில் தயாரித்த மூன்றாவது ரேடியோ மூலப் பட்டியலில் 273-வது என்று பொருள், அவ்வளவுதான். கன்னி ராசிப் பக்கம் இருக்கிறது. ரேடியோ அலைகள் வருவது தெரியும். ஆனால் அந்தக் காலத்து ரேடியோ தொலைநோக்கிகளால் சரியாக எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. அலைநீளம் பெரிதாக இருந்தால் பிரிதிறன் குறையும் என்று ஒளியியலில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? அதே சிக்கல்.

சிக்கலைத் தீர்த்தது நிலா. 1962 ஆகஸ்டு 5-ஆம் தேதி நிலா 3சி 273-ஐ மறைக்கப் போகிறது என்று கணக்கு சொன்னது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது மிகத் துல்லியமாகத் தெரிந்த விஷயம். ஆகவே எந்த நொடியில் ரேடியோ சைகை அறுந்து போகிறது, எந்த நொடியில் திரும்பி வருகிறது என்று குறித்துக்கொண்டால் மூலத்தின் இடம் தெரிந்துவிடும். சிரில் ஹசார்டின் குழுவினர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் உள்ள 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணத்தைக் கொண்டு இதைச் செய்தார்கள். சம்பவம் நடக்கும்போது நிலா அடிவானத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் அவ்வளவு தாழச் சாயாது. பாதுகாப்புக்காக வைத்திருந்த தடுப்புகளைக் கழற்றிவிட்டு, வரம்பை மீறிச் சாய்த்துப் பிடித்தார்கள். லேப்பில் பிள்ளைகள் இப்படி ஏதாவது செய்தால் நான் கத்துவேன். இவர்கள் செய்ததை மட்டும் ரசிக்கிறேன்.

இடம் தெரிந்ததும் ஷ்மிட் அங்கே தொலைநோக்கியைத் திருப்பினார். பார்த்தால் 13-ஆம் ஒளிப்பொலிவு எண் கொண்ட (எண் கூடக்கூட மங்கல்) சாதாரண நட்சத்திரம் போல ஒன்று. பக்கத்தில் மெல்லிய கீற்று. டிசம்பர் கடைசியில் நிறமாலை எடுத்தார். அகலமான கோடுகள், எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடுகள். பிப்ரவரி 5-ஆம் தேதி, கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி நீலப் பக்கம் போகப் போக ஒழுங்காகக் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தார். அப்படிக் குறைவது எந்த வரிசையில்?

இந்த இடத்தில் வகுப்பில் இரண்டு மூன்று தலைகள் நிமிரும். பால்மர் வரிசை. எலெக்ட்ரான் மேல் மட்டங்களிலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வரும் கோடுகள். சிவப்பில் 656.3, அப்புறம் 486.1, 434.0, 410.2 என்று நெருங்கிக்கொண்டே போகும்.

"அப்ப ஹைட்ரஜனா மிஸ்? ஆனா நம்பர் வேறயா இருக்கே."

சரி, எவ்வளவு வேறு என்று பாருங்கள் என்பேன். எல்லாரும் முதலில் செய்வது கழித்தல். 563.2 கழித்தல் 486.1, 77.1. அடுத்தது 503.2 கழித்தல் 434.0, 69.2. அடுத்தது 475.3 கழித்தல் 410.2, 65.1. மூன்றும் மூன்று விதம். கணக்கு தப்பு என்று பேனாவை வைத்துவிடுவார்கள்.

கழிக்காமல் வகுத்துப் பாருங்கள்.

563.2-ஐ 486.1-ஆல் வகுத்தால் 1.1586. 503.2-ஐ 434.0-ஆல் வகுத்தால் 1.1594. 475.3-ஐ 410.2-ஆல் வகுத்தால் 1.1587.

இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் இதுதான். மூன்று பேர் மூன்று இடத்திலிருந்து ஒரே விடையைச் சொல்வார்கள். ஹைட்ரஜனின் கோடுகள் எல்லாமே ஒரே எண்ணால் பெருக்கப்பட்டிருக்கின்றன. ஷ்மிட் அந்த எண்ணை 1.158 என்று எடுத்துக்கொண்டார். அதில் ஒன்றைக் கழித்தால் வரும் 0.158-ஐத்தான் சிவப்புப் பெயர்ச்சி என்கிறோம், குறியீடு இசட். அவரோடு வேலை பார்த்த ஓக் என்பவர் 656.3 கோடு 760-க்குப் பக்கத்தில், அகச்சிவப்பில் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 760-ஐ 656.3-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லத் தேவையில்லை.

சிவப்புப் பெயர்ச்சி பற்றி ஒரு வரி மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்: பெயர்ச்சி என்பது அலைநீளத்தோடு எதையோ கூட்டுவது அல்ல, எல்லா அலைநீளங்களையும் ஒரே எண்ணால் பெருக்குவது. இது புரியாமல் டாப்ளர் வாய்பாட்டை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், வேறு ஒன்றும் வராது.

இதை வைத்தே இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கலாம். "சாயங்காலம் சூரியன் சிவப்பாத் தெரியுதே, அதுவும் ரெட்ஷிஃப்டா மிஸ்?" என்று ஆண்டுக்கு ஒருத்தியாவது கேட்பாள். நல்ல கேள்வி. அந்திச் சூரியனின் ஒளியில் நீலம் சிதறிப் போய்விடுகிறது, மிச்சம் சிவப்பு. ஆனால் அந்த ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டுப் பாருங்கள், சோடியத்தின் கருங்கோடு 589-லேயே நிற்கும். வண்ணம் மாறியது, கோடு நகரவில்லை. விண்வெளித் தூசி செய்வதும் இதைத்தான். இதற்கு நேர்மாறு 3சி 273: கோடுகள் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் போயிருக்கின்றன, ஆனால் படத்தில் அது நீலமாகத்தான் தெரியும். ஆகவே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சிவப்புப் பெயர்ச்சியை யாரும் அளப்பதில்லை.

இப்போது டாப்ளருக்கு வருவோம். மேட்டுப்பாளையம் பக்கம் எங்களுக்கு மலை ரயில்தான் பெருமை. ஆனால் அது போகும் வேகத்துக்கு டாப்ளர் விளைவைக் காட்ட முடியாது, ஊதலைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு எக்ஸ்பிரஸ் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு சுமார் 28 மீட்டர். ஒலியின் வேகம் 340. வகுத்தால் 8 சதவீதம். காது இதைச் சுலபமாகப் பிடித்துவிடும். அதே ரயிலின் முகப்பு விளக்குக்கு என்ன ஆகும்? 28-ஐ 30 கோடியால் வகுக்க வேண்டும். 486.1 என்ற கோடு 0.00005 நானோமீட்டர்கூட நகராது. ஒளியில் இந்த விளைவு கண்ணுக்குப் படவேண்டுமென்றால் ரயிலெல்லாம் போதாது.

நொடிக்கு 300 கிலோமீட்டர் என்றால்? ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே கோடு அரை நானோமீட்டர் நகரும். இந்த அரை நானோமீட்டரைத்தான் 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தார். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர், லோவல் ஆய்வகம், 24 அங்குலத் தொலைநோக்கி. மங்கலான ஒரு சுருள் முகிலின் ஒளியைப் பல இரவுகள் ஒரே தகட்டில் சேர்த்துச் சேர்த்து நிறமாலை எடுத்தார். அந்த முகில்தான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. விசேஷம் என்னவென்றால், அதன் கோடுகள் நகர்ந்தது சிவப்புப் பக்கம் அல்ல, நீலப் பக்கம். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறது. (300-இல் பெரும்பகுதி சூரியன் நம் பால்வீதியைச் சுற்றி ஓடுவதால் வருவது. பால்வீதியை வைத்துப் பார்த்தால் சுமார் 110.) விரியும் பிரபஞ்சத்தின் கதை, நெருங்கி வரும் ஒரு கேலக்ஸியில் தொடங்கியது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஸ்லைஃபர் விடவில்லை. 1917-க்குள் 25 முகில்களை அளந்துவிட்டார். அதில் 21 விலகிப் போய்க்கொண்டிருந்தன. தெருவில் நிற்கும் 25 பேரில் 21 பேர் நம்மைப் பார்த்ததும் விலகிப் போனால் நாம் என்ன நினைப்போம்? அந்தக் காலத்து வானியலாளர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. தூரம் தெரியாமல் வேகத்தை மட்டும் வைத்து மேலே போக முடியாது.

தூரத்துக்கு ஹென்ரியட்டா லெவிட் வழி வைத்திருந்தார். சிறிய மெகல்லன் முகிலில் உள்ள 25 மாறும் விண்மீன்களை எடுத்து, எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு உண்மையான பிரகாசம் அதிகம் என்று காட்டினார். அதுவும் 1912 தான். துடிப்பின் காலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும். தெரிகிற பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் இந்த விண்மீன்களைப் பக்கத்துக் கேலக்ஸிகளில் தேடிப் பிடித்தார். 1929-இல் 24 கேலக்ஸிகளின் தூரத்தையும் வேகத்தையும் ஒரு வரைபடத்தில் வைத்தார். தூரம் கூடக்கூட வேகமும் கூடியது.

வழிகாட்டிப் புத்தகங்களில் "பிரபஞ்சம் விரிவடைகிறது என்று கண்டுபிடித்தவர் ஹப்பிள்" என்று ஒரு மதிப்பெண் விடை இருக்கும். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். அந்த வரைபடத்தில் இருந்த வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் அளந்தவை, கட்டுரையில் அவர் பெயரே இல்லை. தூரத்துக்கு அடிப்படை லெவிட். இன்னும் தொலைவிலுள்ள கேலக்ஸிகளின் நிறமாலைகளை எடுத்துக் கொடுத்தவர் மில்டன் ஹுமாசன். பள்ளியை 14 வயதில் விட்டவர். மவுண்ட் வில்சனுக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர், பிறகு அங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, இரவு உதவியாளராகி, கடைசியில் வானியலாளராகவே ஆனவர். விண்வெளியே விரிகிறது என்ற விளக்கமோ 1927-லேயே பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமாய்த்தர் பொதுச் சார்பியலிலிருந்து கணக்குப் போட்டு வெளியிட்டது. ஹப்பிளோ அந்த விளக்கத்தை முழு மனதோடு ஏற்கத் தயங்கிக்கொண்டே இருந்தவர். 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஓட்டெடுத்து, இனி ஹப்பிள்–லெமாய்த்தர் விதி என்று சொல்லுங்கள் என்றது. தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஒரு மதிப்பெண் போனால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இனி எலாஸ்டிக். பாவாடைக்குப் போடும் அகல எலாஸ்டிக் ஒரு முழம், தையல் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஸ்கெட்ச் பேனாவால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, 0 முதல் 10 வரை போடுங்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒன்றரை மடங்கு இழுங்கள். 0-ஐ ஸ்கேலின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டால், 2-ஆம் கோடு 3-க்குப் போயிருக்கும், நகர்ந்தது 1. 10-ஆம் கோடு 15-க்குப் போயிருக்கும், நகர்ந்தது 5. தூரம் ஐந்து மடங்கு என்றால் நகர்வும் ஐந்து மடங்கு. இழுத்த நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஆகவே வேகமும் ஐந்து மடங்கு. ஹப்பிள் வரைபடத்தில் இருந்த நேர்கோடு இதுதான். 10-ஆம் கோட்டுக்கு ஏதோ தனி அவசரம் இருந்ததால் அது வேகமாக ஓடவில்லை. எல்லாத் தூரமும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இப்போது 0-ஐ விட்டுவிட்டு 4-ஆம் கோட்டை ஸ்கேலின் தொடக்கத்தில் வையுங்கள். அங்கிருந்து பார்த்தாலும் இரண்டு பக்கத்திலும் இதே விதி. ஆகவே "எல்லாம் நம்மை விட்டு ஓடுதுன்னா நாமதான் நடுவுல இருக்கோமா மிஸ்?" என்பதற்கு விடை, எந்தக் கேலக்ஸியில் ஒரு வகுப்பறை இருந்தாலும் அங்கேயும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதே. எலாஸ்டிக்கின் குறை என்னவென்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. பிரபஞ்சத்துக்கு அப்படி ஒரு விளிம்பு இருப்பதாக எந்த அளவீடும் சொல்லவில்லை. இழுத்துப் பிடிக்க இரண்டு பிள்ளைகளும் தேவையில்லை.

எலாஸ்டிக்கின் பின்பக்கம் ஒரு அலையை வரைந்து இழுத்தால், அலையும் சேர்ந்து நீளும். மூன்று கோடுகள் ஏன் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டிருந்தன என்பதன் விடை இங்கே இருக்கிறது. ஒளி புறப்பட்ட நாளில் பிரபஞ்சம் எவ்வளவு இருந்ததோ அதைப் போல இன்று 1.158 மடங்கு இருக்கிறது. வழியில் வந்த ஒளியும் அதே 1.158 மடங்கு நீண்டுவிட்டது. 3சி 273-இன் ஒளி சுமார் 200 கோடி ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. பூமியில் பல செல் உயிர்கள் பெருகுவதற்கு வெகு காலம் முன்பு கிளம்பியது.

அவ்வளவு தூரத்தில் இருந்தும் 13-ஆம் ஒளிப்பொலிவு எண்ணில் தெரிகிறதென்றால், அது எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும்? ரேடியோ மூலங்களாக அதுவரை அறியப்பட்ட பிரகாசமான கேலக்ஸிகளைவிட ஏறத்தாழ 100 மடங்கு என்று ஷ்மிட் கணக்கிட்டார். நட்சத்திரம் போலத் தெரிந்தது நட்சத்திரமே இல்லை. குவாசர் என்று பிறகு பெயர் வைத்தார்கள். நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது, அதைச் சுற்றி விழும் வாயு ஒளிர்கிறது. அது தனிப் பதிவுக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

வாய்பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இசட் சிறியதாக இருக்கும்போது அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விலகும் வேகம் வரும். 3சி 273-க்கு நொடிக்கு சுமார் 47,400 கிலோமீட்டர். அதை ஹப்பிள் மாறிலி (ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விலகும் வேகம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்ற எண்) 70-ஆல் வகுத்தால் 677 மெகாபார்செக், அதாவது சுமார் 220 கோடி ஒளியாண்டு. திருத்தமான கணக்கு கொஞ்சம் குறைவாகத் தரும், பள்ளிக்கு இது போதும். ஆனால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்திருக்கும் சில கேலக்ஸிகளுக்கு இசட் 14. அங்கே போய் இந்தப் பெருக்கலைச் செய்து, "ஒளியைவிட 14 மடங்கு வேகமா மிஸ்?" என்று பதறக் கூடாது. அங்கே 1-ஐக் கூட்டி 15 என்று படியுங்கள். ஒளி கிளம்பியபோது தூரங்கள் எல்லாம் இன்றுள்ளதில் 15-இல் ஒரு பங்கு. ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் புறஊதாக் கோடு 15-ஆல் பெருக்கப்பட்டு 1,824-க்கு வந்துவிடும். சிவப்பைத் தாண்டி அகச்சிவப்புக்குள் எங்கேயோ போய்விட்டது. வெப்பை அகச்சிவப்புக்காகக் கட்டியதற்கு இது ஒரு பெரிய காரணம். பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக்கு இந்த எண் சுமார் 1,100. சுமார் 3,000 கெல்வின் வெப்பத்தில் ஒளிர்ந்த வாயுவின் வெளிச்சம், 1,100-ஆல் வகுபட்டு இன்று 2.7 கெல்வினாகக் குளிர்ந்து கிடக்கிறது.

"அப்ப நாமளும் விரியறோமா?" இல்லை. அணுவை மின்விசை பிடித்திருக்கிறது. பூமியையும் சூரியனையும் ஈர்ப்பு பிடித்திருக்கிறது. ஆண்ட்ரோமெடாவும் நம் பால்வீதியும்கூட ஈர்ப்பால் கட்டுண்டவை. அதனால்தான் ஸ்லைஃபரின் முதல் கோடு நீலப் பக்கம் போனது. உங்கள் பாவாடை இறுகுவதற்கு வேறு காரணம்.

விரிவதைத் தலைகீழாக ஓட்டினால் வயது வரும். 1 மெகாபார்செக் என்பது 3.09-ஐ 10-இன் 19-ஆம் அடுக்கால் பெருக்கிய கிலோமீட்டர். அதை 70-ஆல் வகுத்தால் 4.4 பெருக்கல் 10-இன் 17-ஆம் அடுக்கு நொடி, ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. ஹப்பிளுக்குக் கிடைத்த மாறிலி 70 இல்லை, 500. அதை வைத்தால் 200 கோடி ஆண்டுதான் வரும். பாறைகளின் கதிரியக்கத்தைக் கொண்டு பூமியின் வயதைப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம் என்றார்கள். பிரபஞ்சத்தைவிடப் பூமிக்கு வயது அதிகம்! லெவிட்டின் விண்மீன்களில் இரண்டு ரகம் உண்டு, இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டோம் என்று 1952-இல் வால்டர் பாடே சொன்ன பிறகு தூரங்கள் ஒரேயடியாக இரட்டித்தன. வயதும் இரட்டித்தது. இன்றைக்கும் சண்டை தீரவில்லை. நுண்ணலைப் பின்னணியை வைத்துக் கணக்கிட்டால் 67 வருகிறது, விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் 73 வருகிறது. இரு தரப்பும் மற்றவர் எங்கோ தவறியிருப்பதாக நினைக்கிறார்கள். இரு தரப்பும் சரியாகவே அளந்திருந்தால், நம் கொள்கையில்தான் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

இந்தக் கதையில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. 3சி 273 பற்றிய கட்டுரைகளை 1963-இல் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து படித்தவர்களில் ஒருவர் கோவிந்த் ஸ்வரூப். நிலா மறைப்பதை வைத்து ஒரு மூலத்துக்குச் செய்ததை நூற்றுக்கணக்கான மூலங்களுக்குச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு நிலாவை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரும் பெரிய தொலைநோக்கி வேண்டும். இந்தியா பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அவருக்கு ஒரு யோசனை வந்தது: ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காக ஒரு நீளமான தொலைநோக்கியைப் படுக்க வைத்துவிட்டால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானம் சுழல்வதை ஈடுகட்டிவிடலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 11 பாகை சரிவு கிடைத்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது, இன்றும் வேலை செய்கிறது. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே அதைப் பார்த்தபோது என்னோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "இது பெரிய பந்தல் மாதிரி இருக்குங்க மிஸ், தொலைநோக்கி எங்கே?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மூலம் புள்ளி போல இருந்தால் நிலா மறைக்கும்போது சைகை சட்டென்று விழும், அகலமாக இருந்தால் மெதுவாக இறங்கும். நிலாவின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ அரை வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. இறங்க எடுத்த நேரத்திலிருந்து மூலத்தின் கோண அளவு கிடைத்துவிடும். ஊட்டியில் இப்படி அளந்த கோண அளவுகளை எடுத்து 1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மங்கலான மூலங்கள் பொதுவாகத் தொலைவில் உள்ளவை, அதாவது பழையவை. பிரபஞ்சம் விரிந்தாலும் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லும் நிலைத்த நிலைக் கொள்கை சரியென்றால், பழையவையும் புதியவையும் சராசரியில் ஒன்றுபோல இருக்க வேண்டும். அளவுகள் அதற்கு ஒத்துவரவில்லை. ரேடியோ கேலக்ஸிகள் காலப்போக்கில் மாறி வந்திருக்கின்றன என்று வைத்தால்தான் பொருந்தின. அதற்கு எதிர்க் கொள்கையான பெருவெடிப்புக்கு முக்கியமான சாட்சி 1965-இல் கண்டுபிடித்த நுண்ணலைப் பின்னணிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊட்டி மலைச்சரிவில் இருந்தும் தனியாக ஒரு சாட்சி போனது.

வீட்டுக் கணக்கு ஒன்று தருகிறேன். ஷ்மிட் 0.158-ஐக் கண்டுபிடித்த அன்றே, பக்கத்து அறையில் இருந்த ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் தன்னிடம் இருந்த 3சி 48-இன் கோடுகளை எடுத்துப் பார்த்தார். அதற்கும் வேறு ஏதேதோ விளக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் 0.367 என்று விடை வந்துவிட்டது. அப்படியானால் அதில் 486.1 கோடு எங்கே விழும்? 656.3 கோட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? சூரியன் போன்ற ஒரு பொருளில் 393.4-இல் உள்ள கால்சியம் கோட்டையும் சேர்த்துக்கொண்டால், மூன்றில் எதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குள் வரும்? கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாராவது கழித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.